சந்து வாயில் நின்ற வண்டி

வண்டி மையின் வாசம் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பந்தாட்டம்தான். விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த அந்தக் கறுப்பு மை அச்சில் சூடேறி, வியர்த்த மாட்டின் வாசத்தோடும் புழுதியோடும் கலந்து எங்கள் சந்துக்குள் நுழைந்தால், அன்றைக்கு "மேட்சு" என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. எனக்கு ஒன்பது வயது. சேலத்தில் நெசவுக்காரர்கள் குடியிருந்த ஒரு முட்டுச்சந்தில் எங்கள் வீடு. சந்துக்கு வாய் ஒன்றுதான். அதைத் தாண்டினால் ரஸ்தா, ரஸ்தாவுக்கு அந்தப் பக்கம் பந்தாட்டத் திடல். மேட்சு பார்க்க எடப்பாடி, மல்லசமுத்திரம் என்று எங்கெங்கிருந்தோ விடியுமுன்னே வண்டி பூட்டிக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். சைக்கிளை வேலியோரம் சாய்த்துவிடலாம், வண்டியை என்ன செய்வது? காலையில் நெசவுக்காரர்கள் தறிக்கு நூல் பாவு நீட்டுகிற வெட்டவெளி ஒன்று இருந்தது, "பாவடி" என்போம். மேட்சு அன்று உச்சி வேளைக்குள் பாவைச் சுருட்டிக்கொண்டு அந்த இடத்தை வண்டிகளுக்கு விட்டுவிடுவார்கள். வண்டிக்காரர்கள் அங்கே அவிழ்த்துவிட்டு, மாடுகளை ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திடலுக்குள் போனால், ஆட்டம் முடிகிறவரை அந்த வண்டிகளுக்கு நாதி கிடையாது.

மல்லசமுத்திரத்திலிருந்து செங்கோடன் என்று ஒருவர் வருவார். முப்பது வயதிருக்கும், சிவப்பு முண்டாசு கட்டியிருப்பார், பந்தாட்டம் என்றால் உயிர். அவருடைய வெள்ளைக் காளைகள் இரண்டுக்கும் நான் கழுநீர் வைப்பது வழக்கமாகியிருந்தது. கோப்பைக்கான கடைசி மேட்சு ஒன்று நடந்த அன்று பாவடி நிரம்பி வழிந்தது. வழியில் கடையாணி கழன்றதால் செங்கோடன் தாமதமாக வந்து, வண்டியை எங்கே விடுவதென்று தெரியாமல் ரஸ்தாவில் நின்றார். காளைகளின் வாயில் நுரை தள்ளியிருந்தது. எங்கள் சந்து வாயில் ஒரு வேப்பமரம்.

"இங்க நிறுத்துங்கண்ணா. மரத்துல மாட்டைக் கட்டிக்கலாம். பாவம், நெழலு வேணுமில்ல" என்றேன்.

"ஊட்டுல ஏசமாட்டாங்களா சாமி?"

"எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அவர் நம்பினார். நான் கழுநீர்ப் பானையை எடுத்து வந்தேன். ஒரு வண்டி நிற்பதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் அங்கேயே விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஏழு வண்டிகள், சக்கரத்தோடு சக்கரம் சிக்க, சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றன. மற்ற மாடுகளெல்லாம் ஏரிக்குப் போய்விட்டன.

அம்மாவுக்கு அது ஒன்பதாம் மாதம். மத்தியானம் வலி கண்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் இல்லை, தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். அப்பா ஓடிப்போய் ஜட்கா வண்டி பிடித்து வந்தார். அது ரஸ்தாவிலேயே நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கிப் போகலாமென்றால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். தூக்குவதற்கும் ஆளில்லை, தெருவின் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் திடலில் இருந்தார்கள். அப்பா ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓடினேன். அந்தக் கூச்சலில் யாரை யார் கூப்பிடுவது? நான் சிவப்பு முண்டாசைத் தேடித் தேடி, கடைசியில் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். பந்து அப்போது கோலுக்கு நேரே வந்துகொண்டிருந்தது. செங்கோடன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார். ஒவ்வொரு வண்டியாக அச்சுக்கடியில் தோள் கொடுத்துத் தூக்கி விலக்கினார்கள். வீட்டுக்குள்ளே அம்மா "முருகா, முருகா" என்று கூப்பிட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டே இருந்தது. வழி கிடைத்தபோது ஆட்டமும் முடிந்து ரஸ்தா முழுக்க ஜனம். ஜட்கா ஊர்ந்துதான் போயிற்று.

அம்மா பிழைத்தாள். தம்பி பிழைக்கவில்லை. அவன் முகத்தை எனக்குக் காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதை மட்டும் நான் கேட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் செங்கோடன் முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா அவரிடம் போய், "உன்னை யாருப்பா அங்க நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

செங்கோடன் என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் நிறுத்துனனுங்க."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த மேட்சுக்கும் மல்லசமுத்திரத்து வண்டி வந்தது. ஏறி வந்த ஆட்கள் திடலுக்குள் போனார்கள். செங்கோடன் போகவில்லை. காளைகளை அவிழ்க்காமல் சந்து வாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் வருகிற வண்டிகளை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளிப் போகச் சொன்னார். கோல் விழுந்து திடலே எழுந்து கத்தும்போது தலை மட்டும் கொஞ்சம் திரும்பும். நாலைந்து வருஷம் இப்படித்தான். அப்பா அவரைத் தாண்டிப் போவார், வருவார். ஒரு நாளும் பார்க்கமாட்டார். அம்மா மட்டும் என்னிடம் ஒரு செம்பு மோர் கொடுத்தனுப்புவாள். ஒரு தடவை நான் செம்பை நீட்டியபடியே அழுதுவிட்டேன். அவர் மோரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மாட்டுக்கு நெழல் காட்டுனது பாவமாகாது சாமி. இதெய மனசுல வெச்சுக்காதெ."

யுத்த காலத்தில் அவர் வருவது நின்றுபோயிற்று. விசாரிக்கக் கூட எனக்குத் துணிவில்லை. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு நாள் திடலிலிருந்து சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்காமலே, "மல்லசமுத்திரத்தான் வந்து அடைச்சுட்டானா பாரு" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் பால் விட்டேன், அவ்வளவுதான்.

நான் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறேன். இப்போது பாவடியில் வீடுகள் எழும்பிவிட்டன. ஏரியும் இல்லை, வண்டி மையும் இல்லை. மேட்சு மட்டும் நடக்கிறது. காரும் மோட்டார் சைக்கிளும் சந்து சந்தாக வந்து அடைக்கின்றன. அந்த நாட்களில் நான் மத்தியானமே சந்து வாயை அடைத்துப் பெரிதாக ஒரு கோலம் போட்டுவிடுகிறேன். கோலத்தின் மேல் சக்கரத்தை நிறுத்த எந்தப் பையனுக்கும் மனசு வருவதில்லை. உச்சி வெயிலில் என்ன கோலம் அத்தை என்று மருமகள் கேட்கிறாள். வழி வேணுமம்மா என்கிறேன்.

முருகன் சந்நிதியில் இதை எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறேன். அப்பாவிடம் சொல்லவே இல்லை. அந்த வண்டியை அங்கே நிறுத்தச் சொன்னவள் நான்.