தலைகீழாக மாட்டிய சுவிட்ச் போர்டு

சேலையூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் ஹால் சுவிட்ச் போர்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். மற்ற அறைகளில், எல்லா வீட்டிலும் போல, சுவிட்சின் கீழ்ப்பக்கம் அழுத்தினால் விளக்கு எரியும், மேல்பக்கம் அழுத்தினால் அணையும். ஹாலில் மட்டும் நேர்மாறு. குடிவந்த புதிதில் தடுமாறினோம். பத்து நாளில் கை பழகிவிட்டது. வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொன்னபோது, லைட் எரியுதில்ல, அப்புறம் என்னம்மா என்றார். எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, நாவலூரிலிருந்து அண்ணன் சாப்பிட வந்திருந்தான். என் கணவருக்கு அன்றைக்கும் டூட்டி. நாங்கள் இருவர்தான் வீட்டில். ஹால் ஃபேன் ஒரு மாதமாகவே சோம்பிச் சோம்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்டன்சர் போயிருக்கும் என்று போனில் சொன்னவன், வரும்போதே புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டான். சாப்பிட்டு முடித்து அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. நல்லதாகப் போச்சு, இப்பவே மாட்டிடறேன் என்று ஸ்டூலை இழுத்தான். நான் எலுமிச்சம்பழம் பிழியச் சமையலறைக்குப் போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்தேன். அண்ணன் ஸ்டூல்மேல் நின்றிருந்தான். ஃபேனின் மேல் கப்பைக் கீழே இறக்கிவிட்டு, ஒயர்களைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தான். எதேச்சையாகச் சுவிட்ச் போர்டைப் பார்த்தேன். ஃபேன் சுவிட்ச் மேல்பக்கம் அழுந்தி இருந்தது. கரண்ட் போனபோது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை. அண்ணன் மேல்பக்கம் அழுந்தியிருந்ததைப் பார்த்து, நான் அணைத்துவிட்டேன் என்று நினைத்து ஏறியிருக்கிறான்.

கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவானோ என்று பயந்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போர்டுக்குப் போனேன். விரலைச் சுவிட்சில் வைத்த பிறகுதான் அந்தக் குழப்பம் வந்தது. தினமும் யோசிக்காமல் செய்கிற வேலையை அன்று யோசித்துச் செய்யப் போனேன். மேலே என்றால் ஆன்தானே? இல்லை, அது படுக்கையறையிலா? ஒருவேளை ஏறுவதற்கு முன்னால் அண்ணனே அணைத்திருப்பானோ? வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடமான விஷயம், அந்த நிமிஷத்தில் சுத்தமாகக் கலைந்துபோனது. அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கரண்டும் இல்லை. தப்பாக அழுத்தினால் அவனை நானே கொன்றதாக ஆகிவிடும். விரலை அசைக்காமல் அப்படியே நின்றேன்.

"அண்ணா, ஒயர்லேர்ந்து கைய எடு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஏன்? கரண்டுதான் இல்லையே."

"வந்துட்டா? சுவிட்ச் ஆன்ல இருக்குன்னு நினைக்கறேன். இந்த போர்டு தலைகீழ்."

அவனுக்கு எரிச்சல். கழற்றிய ஒயர்களை அப்படியே தொங்கவிட்டு, போர்டைக் கைநீட்டிக் காட்டினான். "மேல அழுந்தித்தானே இருக்கு, உனக்குக் கண்ணு தெரியல?"

அவன் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. பக்கத்து வீட்டு டிவி பாதிப் பேச்சில் தொடங்கியது. அண்ணன் முகத்துக்கு நேரே, தொங்கிய ஒயர்கள் ஒன்றையொன்று உரசி, பட்டென்று வெடித்து நீலமாகப் பொறி பறந்தது. ஃப்யூஸ் போய் எங்கள் வீட்டில் எல்லாம் மறுபடி அடங்கியது. கருகிய வாசனை மட்டும் ஹாலில் நின்றது.

அவன் எப்படி இறங்கினான் என்று எனக்கு நினைவில்லை. தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அப்போ நான் கைய எடுத்திருந்தேனா?"

எடுத்திருந்தாய் என்றேன். நம்பாமல் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்தார். போர்டைக் கழற்றியதுமே காரணம் சொல்லிவிட்டார். சுவருக்குள்ளிருந்து வரும் ஒயர் நீளம் போதவில்லை, அதனால் முன்னால் வந்தவர் போர்டையே திருப்பி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஃப்யூஸைப் போட்டு, ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறி, மேலே ஒயர் முனையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது.

"சுவிட்ச் ஆஃப்ல கீது மேடம், ஆனா மேல கரண்ட் வந்துகினுதான் கீது," என்றார். "சுவிட்சு கரண்ட் வர்ற ஒயர வுட்டுட்டு, திரும்பிப் போற நியூட்ரலத்தான் கட் பண்ணுது. நீங்க எந்தப் பக்கம் அமுக்கியிருந்தாலும் ஒண்ணுதான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எந்தப் பக்கம் என்று நான் நடுங்கி நின்றதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. சரியாக அணைத்திருந்தால், ஆஃப் பண்ணிட்டேன், நீ செய் என்று நானே அவனிடம் சொல்லியிருப்பேன். அவனும் மறுபடி ஒயரைப் பிடித்திருப்பான்.

வீடு முழுக்கப் பார்க்கச் சொன்னேன். குளியலறை ஹீட்டரிலும் இதே கதை. கசியும் கரண்டைத் தரைக்குள் இறக்கும் எர்த் ஒயரையும் யாரோ வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஹீட்டரை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் இரண்டு வருஷமாக ஈரக்கையோடு அதன் குழாயைத் திருகியிருக்கிறோம். எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் சரிசெய்து, தானே குழாயைத் தொட்டுக் காட்டினார். அப்படியும் பல வாரம் கேஸ் அடுப்பில்தான் வெந்நீர் வைத்தேன். முதலில் சிரித்த என் கணவரும் பிறகு தானே வாளியைத் தூக்கினார்.

அன்று கிளம்பும்போது, அண்ணிகிட்ட சொல்லாத என்று மட்டும் அண்ணன் சொன்னான். நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் அண்ணி போன் செய்து குறைப்பட்டுக்கொண்டார். ஒரு பல்பு மாற்றுவதற்கு வீட்டு மெயினையே அணைக்கிறானாம். கிரைண்டரில் மாவு பாதியில் நின்றுவிட்டதாம். கீழே மீட்டர் பக்கம் யாரும் போகக்கூடாது என்று அண்ணியைப் படிக்கட்டில் காவலுக்கு நிற்க வைக்கிறானாம்.

"இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்ல. உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"நில்லுங்க அண்ணி," என்றேன். "அவன் இறங்கற வரைக்கும் அங்கேயே நில்லுங்க."