பிடுங்கிய ஒயர்

மூன்று மாத விடுப்பில்தான் நர்ஸம்மா குடும்பத்தோடு சொந்த நாட்டுக்கு வந்திருந்தாள். பதினொரு வருடம் கிறிஸ்தவ ஊழியம் செய்த அயல்தேசமான மலைநாடு, அவள் கணவரின் போதகர் விசாவைப் புதுப்பிக்க மறுத்ததால், தங்கல் ஏழாவது மாதத்தைத் தொட்டது. அண்ணன் வீட்டு மாடியறையில் அவர்களும் இரண்டு பெண்களும். பெட்டிகளைப் பிரிக்கவில்லை, ஒரு பாவாடை வேண்டுமென்றாலும் மூன்று பெட்டிகளை இறக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் ஒரு சபை. கணவர் பேசுவார், அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். அப்படி ஒரு கூட்டத்துக்கு, அவர்களை ஊழியத்துக்கு அனுப்பிய சங்கத்தின் செயலாளர் தேர்ந்தெடுத்த படங்களில் ஒன்றைப் பார்த்ததும் அவள் கை வைத்து மறைத்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண், அரைகுறைத் துணியோடு மருத்துவமனைத் தரையில். வைத்தியம் கேட்டு நகரத்து டாக்டருக்கு அனுப்ப எடுத்த படம். கணவர் கவனிக்காமல் அதையும் அறிக்கையோடு அனுப்பியிருந்தார்.

"இதைக் காட்டக் கூடாதுங்க. யாருக்கும் காட்ட மாட்டேன்னு அந்தம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"எடுத்துடறோம்மா," என்றார் செயலாளர்.

எடுக்கவில்லை. கூட்டத்தில் படம் சுவரளவுக்கு விரிந்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். நர்ஸம்மா விறுவிறுவென்று நடந்துபோய்ப் புரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினாள்.

"பாவப்படணும்னா என்னைப் பாத்துப் பாவப்படுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

இரண்டாம் நாள், அவள் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்பதாக ஒரு கடிதம் சங்கத்திலிருந்தே வந்தது. தட்டச்சு செய்து தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி.

"ஒரு கையெழுத்துதானம்மா? போட்டுத் தொலையேன். சங்கத்தைப் பகைச்சுக்கிட்டா எங்க போவீங்க?" என்றான் அண்ணன்.

"உன் வீட்லதான் இருப்பேன். இடைஞ்சலா இருந்தா சொல்லிடு."

"ஏய், நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது.

கணவர் எழுந்து போய் மலைநாட்டு மருத்துவமனைக்குப் போன் போட்டு, படத்திலிருந்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் கால் மணி நேரம் கிழிகிழியென்று கிழித்தாள். கேட்டு முடித்துவிட்டுக் கடிதத்தை நான்காக மடித்தார். "கேக்க வேண்டியவங்ககிட்ட கேட்டாச்சு. இது வேணாம்."

சங்கம் அவர்களைக் கைகழுவியது. நர்ஸம்மா பக்கத்து அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு வேலைக்குச் சேர்ந்தாள். ஊழியக்காரர் மனைவி சம்பளத்துக்குப் போகலாமா என்று சபையில் முணுமுணுத்தார்கள். "போகலாம், எட்டு மணி பஸ்ல," என்றாள். கணவர் பெண்களுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். ஒரு பக்கம் எப்போதும் கோணல்தான்.

பதினான்காவது மாதம் மலைநாட்டு மருத்துவமனை, நர்ஸாக வரச் சொல்லி அவளுக்கே நேராக அழைப்பு அனுப்பியது. இந்த முறை விசா அவள் பெயரில். படிவத்தில் கணவர் அவளைச் சார்ந்து உடன் போகிறவர்.

தூதரகத்தில் அதிகாரி படிவத்தைப் புரட்டிவிட்டு அவரைப் பார்த்தார். "சார், நீங்க அங்க என்ன பண்ணப் போறீங்க?"

"இவங்களோட போறேன்," என்றார் கணவர்.

அதிகாரி முத்திரையைக் குத்தினார்.