மீரான் சாரிடம் கேட்காமல் போன மன்னிப்பு

செய்தி வாட்சப்பில்தான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. காலை வணக்கப் பூக்களுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவே டிரில் மாஸ்டர் இரண்டு வரி போட்டிருந்தார். சரித்திர ஆசிரியர் மீரான் சார் காலமானார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ராஜபாளையத்தில் அடக்கம். நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். மனைவி போன பிறகு எனக்கு நானேதான் சமையல்காரன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

இத்தனைக்கும் அவர் வீடு என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஓய்வுபெற்ற எட்டு வருஷத்தில் நான் நாலு தடவை போயிருந்தால் அதிகம். ஏன் போகவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். குழுவில் நீங்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்து எழுதிவிட்டீர்கள். அத்தனையும் உண்மை. நான் எழுத வேண்டியது வேறு.

நான் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் ராஜபாளையம். காலை எட்டேகால் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்குப் போனோம். சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எத்தனையோ குடித்திருக்கிறேன். ஆனால் நாற்பதைத் தாண்டிய பிறகுதான், அதுவும் பொழுது போகாமல், ஒருநாள் கேட்டேன்: “உங்க மார்க்கம் எப்படி வே ஆரம்பிச்சது?”

“ஒரு நாள்ல சொல்ற சமாச்சாரமா அது? டிக்கெட்ட எடும். தெனம் கொஞ்சம் சொல்லுதேன்” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. “எங்க நபி தாய் தகப்பன் இல்லாத பிள்ள வே. ஆடு மேய்ச்சாக, பொறவு யாவாரம் பாத்தாக. நம்பிக்கையான ஆளுன்னு மக்கா ஊரே பேரு வச்சிருந்துச்சு. மலைக் குகையில மொத சேதி வந்ததும் என்ன செஞ்சாகன்னு நெனைக்கீரு? நடுங்கிக்கிட்டே வீட்டுக்கு வந்து, போத்தி விடு, போத்தி விடுன்னாக. ஒங்கள ஆண்டவன் கைவிட மாட்டான்னு சொல்லி, மொத மொதல்ல நம்புனது அவுக சம்சாரம் கதீஜா நாயகி.” அவர் சொல்லும் அழகில், கூடையோடு நின்ற பூக்காரம்மா இறங்க மறந்துவிட்டார். “ஏட்டி, ஒன் ஸ்டாப்பு போயிருச்சு” என்று கண்டக்டர் கத்தினார். “போனாப் போவுது. பொறவு என்னாச்சுன்னு சொல்லச் சொல்லுங்க” என்றார் அந்தம்மா.

பிலால் கதை சொன்ன அன்று மீரான் சார் கண் கலங்கினார். அடிமையாக இருந்த பிலாலைக் கொதிக்கிற மணலில் கிடத்தி நெஞ்சில் கல்லை ஏற்றியபோதும், இறைவன் ஒருவன், ஒருவன் என்று மட்டும்தான் அவர் வாய் சொன்னதாம். “அம்புட்டுதான் வே எங்க மார்க்கம். அவன் ஒருத்தன். அவனுக்கு முன்னால ராசாவும் அடிமையும் ஒரே வரிசை. மத்ததெல்லாம் அதுல இருந்து வாரதுதான்.”

கணக்கு வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அவர்கள் காலண்டரின் முதல் வருஷம் நபி பிறந்த வருஷம் என்று வைத்துக்கொண்டு, அவருக்கு எப்போது எத்தனை வயது என்று பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டு நீட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். “போச்சு, எல்லாம் தப்பு. வருசக் கணக்கு பொறப்புல இருந்து இல்ல ஓய். சொந்த ஊரு வெரட்டிருச்சு. மதீனாக்காரங்க வாங்கன்னு கூப்புட்டாங்க. அந்த வருசம்தான் எங்களுக்கு ஒண்ணு.” அங்கே போய்ச் சேர்ந்ததும், வந்தவரில் ஒருவரையும் உள்ளூர்க்காரரில் ஒருவரையும் சேர்த்துச் சகோதரர்களாக்கினார்களாம் நபி. போகிற வழியில் நபியைப் பிடித்துக் கொடுத்தால் பெரிய பரிசு என்று மக்காவில் அறிவித்திருந்தார்கள். அப்படியும் பாதை காட்டிக் கூட்டிப்போன ஆள் முஸ்லிமே இல்லை என்றார். “உம்ம மாதிரி ஆளு வே. நம்பிப் போனாக.”

இன்னொரு நாள் சீண்டினேன். “அஞ்சு வேளை தொழுதா செஞ்ச பாவமெல்லாம் போயிரும், உமக்கென்ன கவலை?” அவர் சிரிக்கவில்லை. “ஆண்டவனுக்குச் செய்ய வேண்டியதுல கொற வச்சா அவன்கிட்டயே கெஞ்சிக்கிடலாம். ஒரு மனுசன் மனச நோகடிச்சா, அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அவன் மன்னிக்காம ஆண்டவன் அதத் தள்ளுபடி பண்ண மாட்டான்.”

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்தது. ஆசிரியர் அறையில் ஏழு பேர் இருந்தோம். இஸ்லாம் தோன்றிய பாடத்தை நடத்தப் புறப்பட்ட மீரான் சாரிடம் ஒரு சக ஆசிரியர் கேட்டார். “ஒங்க ஊர்க் கதைய இன்னும் எம்புட்டு நாளைக்கு சார் நடத்துவீங்க?”

“எங்க ஊரு ராஜபாளையம் சார்” என்று சிரித்தார் மீரான் சார்.

“அது இருக்கிற ஊரு. நான் கேக்கது வந்த ஊரு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மீரான் சார் என்னைப் பார்த்தார். ஏழு பேரில் என்னை மட்டும்தான் பார்த்தார். நான் தலையைக் குனிந்து, ஏற்கெனவே கூட்டி முடித்த மார்க்கை மறுபடி கூட்டினேன். எனக்கு என்ன பயம் என்று இன்றுவரை தெரியவில்லை. யாரும் என்னை அடித்துவிடப் போவதில்லை. அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மழை வரும் போலிருக்கு என்றார். கதை மட்டும் வரவில்லை. மறுநாளும் இல்லை. பொறவு என்ன என்று நான் கேட்டிருக்கலாம்; வாய் வரவில்லை. மன்னிச்சிரும் வே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மூன்று வருஷம் ஒரே சீட்டில் தனித்தனியாகப் போய்வந்தோம்.

அடக்கத்தன்று பள்ளிவாசல் கேட்டோரம் நின்றேன். தொழுகைக்கு முன் அவர் மகன் காசிம் கூட்டத்தின் முன் வந்து, “எங்க அத்தா யாரு மனசயாவது நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க” என்றான். அது அவர்கள் வழக்கம். “மன்னிச்சிட்டோம்” என்றது கூட்டம். என் வாயும் சேர்ந்து சொன்னது. சீ என்று ஆகிவிட்டது. அவரை நான் எதற்கு மன்னிக்க? இறந்தவருக்காக இருப்பவர்களிடம் கேட்க மகன் இருந்தான். எனக்காக அவரிடம் யார் கேட்பது? குனியாமல், நெற்றி தரையில் படாமல், நின்றபடியே முடிகிற தொழுகை அது. கொஞ்ச நேரத்தில் முடிந்தது. பிறகு குழியில் நானும் மூன்று கை மண் போட்டேன்.

வெளியே காசிம் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அத்தா ஒங்களப் பத்தி நெறையச் சொல்லுவாக சார். பஸ்ல கத கேக்க ஒங்கள மாதிரி ஆளு கெடையாதுன்னு.” நடந்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை, மனுஷன். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டு, “நீயாவது மன்னிச்சேன்னு சொல்லுப்பா” என்றேன்.

அவன் பிடித்த கையை விடாமலே சொன்னான். “எனக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல சார். ஆனா இது அத்தா சொல்ல வேண்டியது. அவுகளுக்காக நான் எப்படிச் சொல்ல? ஒங்களுக்காக ஆண்டவன்கிட்ட துவா செய்யுதேன்.” மீரான் சார் மகன் வேறு எப்படிச் சொல்வான்.

ஆக, அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு பார்வை. அதில் கோபம் இல்லை. “நீர் சொல்லும் வே” என்பதுதான் இருந்தது. அன்று அறையில் இருந்தவர்களே, நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். மீரான் சார் எந்த ஊரிலிருந்தும் வரவில்லை. பஞ்சாலை வேலைக்காக மகாராஜபுரத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் கைக்குழந்தையான என்னோடும் ராஜபாளையம் வந்தவர் என் அப்பா. யாரும் வீடு தராதபோது தன் வீட்டுப் பின்கட்டைத் திறந்துவிட்டவர் மீரான் சாரின் தாத்தா. ஆறு வருஷம் அங்கே இருந்தோம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அந்த அறையில் வந்தவன் என்று ஒருவன் இருந்தான் என்றால், அது நான்தான்.