மாட்டில் கட்டி அனுப்பிய கார்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த காரை, என்னை அத்துவிட்ட நாலாம் மாதம், மாமியார் வீட்டார் இரண்டு உழவு மாடுகளைப் பூட்டி இழுத்துவந்து எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். நாகரசம்பட்டியிலிருந்து முந்தின நாளே கிளப்பி, வழியில் ஓர் இரவு தங்கி, சரியாகச் சந்தை கூடும் நேரத்துக்குக் கிருஷ்ணகிரிக்குள் வரும்படி பார்த்து அனுப்பியிருந்தார்கள். தெருவுக்குள் நுழையும்போது காருக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. "கார்கூட வாழாவெட்டி ஆயிடுச்சு பாரு" என்று யாரோ சொன்னது சமையலறையில் இருந்த என் காதில் விழுந்தது.

நான் வெளியே வந்து பார்த்தேன். பெங்களூரில் ஊரைக் காலி செய்து போன ஒரு வெள்ளைக்காரரிடம் அப்பா வாங்கிய கார் அது. பழைய கார்தான், ஆனாலும் கல்யாணத்தன்று அதன் கறுப்பில் பந்தல் தோரணம் தெரிந்தது. இப்போது அது அடுப்புச் சாம்பல் பூசினாற்போல வெளுத்துக் கிடந்தது. கூரைமேல் கோழி எச்சம். எஞ்சின்மேல் இருக்கும் முன்மூடி முழுக்க மாமரத்துப் பிசின் சொட்டிச் சொட்டிக் கெட்டியாகியிருந்தது. மாமனார் வீட்டில் வைக்கோல் வைக்கக் கொட்டகை இருந்தது, மாட்டுக்குக் கொட்டகை இருந்தது. என்னைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து அந்தக் காரை மட்டும் தோப்பில், மரத்தடியில் போட்டுவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் அது அங்கேயே நின்றது.

அந்த வீட்டில் நான் வாழ்ந்தது ஒன்றரை வருஷம். மாமியார் என்னை அடித்ததில்லை. பேசுவாள், அவ்வளவுதான். ஒருநாள் உறவுக்காரப் பெண்கள் கூடியிருந்தபோது சொன்னாள்: "காரும் கறுப்பு, மருமகளும் கறுப்பு. காரைத் துடைச்சா மின்னுது. இவளை எதைப் போட்டுத் துடைக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். என் புருஷனும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. பிறகு, குழந்தை இல்லை என்று ஒரு பேச்சு, எனக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு பேச்சு. கடைசியில் என்னை அப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள்; ஒரு வருஷம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கல்யாணத்தை முறித்து அத்துவிட்டார்கள். சீரைத் திருப்பித் தர வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். அப்படித் திரும்பி வந்ததுதான் இந்தக் கார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. "வித்துடலாம்மா, கண்ணுல படாம போகட்டும்" என்றார்.

"வேண்டாம்பா. இது வந்த வழியிலேயே, அவங்க கண்ணு முன்னால திரும்பிப் போகணும்" என்றேன்.

அவருக்கு அது புரிந்தது. மறுவாரம் ஓசூரிலிருந்து ஒரு பெயிண்டரை வரவழைத்தார். பெங்களூரில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துப் பழகிய ஆள், என் வயதுதான் இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேசுவார். வந்ததும் விரலை எச்சிலில் நனைத்துக் கதவில் ஓரிடத்தைத் தேய்த்தார். சாம்பல் நிறம் போய்க் காசளவுக்குக் கறுப்பு தெரிந்தது.

"புதுசா அடிச்சுடலாமா?" என்று அப்பா கேட்டார்.

"பேடா சார், வேண்டாம். மேல இருக்கிறதுதான் செத்த தோலு. கீழ பெயிண்ட் நல்லா இருக்குது. தேய்ச்சு எடுத்தா போதும். ஆனா சும்மா வேலை இல்ல, ஒரு மாசம் பிடிக்கும். எனக்கு ஓசூர்ல வேலை கெடக்குது."

"நான் தேய்க்கிறேன்" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு இரண்டு டப்பாக்களை எடுத்துக் கீழே வைத்தார். ஒன்றில் தேய்க்கிற பசை. இன்னொன்றில் மெழுகு.

"வெயில்ல வெச்சுத் தேய்க்காதீங்க. வட்டமா தேய்க்காதீங்க, கோடு விழும். முனையில அழுத்தாதீங்க, தகரம் வந்துடும். கோபத்துல மட்டும் தேய்க்கவே தேய்க்காதீங்க" என்றார்.

கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை.

முதல் மூன்று நாள் கழுவினேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்த தண்ணீரை ஊற்றி ஊற்றி எச்சத்தை ஊறவிட்டேன். பிசினுக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியைப் போட்டு மூடி வைத்தேன். சுரண்டினால் பெயிண்ட் பெயரும் என்பதால் அது தானாக இளகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அப்பாவின் பழைய பனியன்களைக் கிழித்துப் பசையைத் தொட்டுத் தேய்த்தேன். ஒரு நாளில் ஒரு கதவு. துணி கறுத்துக்கொண்டே வரும், கதவு தெளிந்துகொண்டே வரும். தோள் மரத்துப்போய், சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழாது. பின்கதவைத் தேய்க்கும்போது மாமியார் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் நினைத்துக்கொண்டேன். முன்மூடிக்கு என் புருஷன் சிரித்த சிரிப்பு போதுமானதாக இருந்தது. அந்த வேகத்தில் ஒரு முனையில் தகரம் வரைக்கும் தேய்த்துவிட்டேன். பெயிண்டர் அடுத்தமுறை வந்தபோது அதைப் பார்த்துவிட்டு ஒரு சின்னத் தூரிகையால் மூடிக் கொடுத்தார்.

இதற்கிடையில் எஞ்சினைச் சரிபண்ணிய அப்பா, விடிகாலையில் குருபரப்பள்ளி ரோட்டில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பொம்பளை ஓட்டுகிறாள் என்று லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போவார்கள். எனக்கு வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

மாங்காய் வியாபாரிகள் மூலம் சேதி வந்தது. என் பழைய புருஷனுக்கு மறுகல்யாணம். பெண் தேன்கனிக்கோட்டைப் பக்கம், ராகி விளைகிற நல்ல குடும்பம். அவர்களும் ஒரு கார் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முதல்நாள் மாலை பெண்ணை அழைத்து வருவார்கள்.

பெண்ணை அழைக்கிற அன்று மதியம் மெழுகு பூசி, கடைசியாக ஒரு தடவை துடைத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நாகரசம்பட்டிக்கு ஓட்டினேன்.

நாங்கள் போன நேரம் அப்படி அமையும் என்று நான் நினைக்கவில்லை. பெண் வீட்டுக் கார் வழியில் டயர் போய் நின்றுவிட்டிருந்தது. பந்தலில் எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பாக, பளபளவென்று ஒரு கார் திரும்பியதும் மேளம் கொட்டத் தொடங்கிவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். மாமியார் ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். என் கதவுப் பக்கமே வந்து, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நான் கண்ணாடியை இறக்கினேன். "நான்தான் அத்தை."

தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. "இது யாரு காருடி?"

"உங்க மாமரத்தடியில நின்னதுதான். துடைச்சா மின்னும்னு நீங்கதானே சொன்னீங்க."

என் பழைய புருஷன் பட்டு வேட்டியோடு வந்தார். யார் என்று பார்க்காமலே முன்மூடியில் கையை வைத்துத் தடவினார். பிறகுதான் என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். "எதுக்கு வந்தே? மானம் போகுது, கிளம்பு" என்றார். நான் எஞ்சினை நிறுத்தினேன்.

அதற்குள் பெண் வீட்டுக் கார் வந்து பின்னால் நின்றது. பெண்ணின் அப்பா இறங்கினார். தலைப்பாகை கட்டிய, நெடுநெடுவென்ற மனிதர். மேளம் நின்றுபோனதைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

"யாரும்மா நீங்க?"

"இந்த வீட்டு முதல் மருமக ஐயா. அத்துவிட்டுட்டாங்க."

"அந்தப் பொண்ணுக்குப் புத்தி சரியில்லன்னு சொன்னாங்களே."

"அதான் நானே காரை ஓட்டிக்கிட்டு வந்தேன், நீங்களே பார்த்துக்கங்கன்னு. இது எங்கப்பா கொடுத்த கார். ரெண்டு மழைக்காலம் வெளிய போட்டுட்டு, மாட்டுல கட்டி சந்தை வழியா திருப்பி அனுப்பினாங்க. உங்க காரும் நல்லா இருக்குது. நிழல்ல நிறுத்தச் சொல்லுங்க."

பந்தலில் அத்தனை பேரும் கேட்டார்கள். மாமியார் என்னைச் சபித்துக்கொண்டே உள்ளே போனாள். பின்காரில் மாலையோடு உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்தாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. அவள் முகம் மட்டும்தான் என்னை ஒரு கணம் தடுத்தது. பிறகு வண்டியைத் திருப்பினேன்.

கல்யாணம் நின்றுபோகும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நிற்கவில்லை. அழைத்து வந்த பெண்ணைத் திருப்பிக் கூட்டிப்போக அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. ஆனால் தாலி கட்டி முடிந்த கையோடு, சபையில் எழுந்து, கார் தன் வீட்டிலேயே நிற்கும், மாதம் ஒருமுறை மகளைப் பார்க்கத் தானே அதில் வருவேன் என்று சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். சொன்னபடியே மாதம் தவறாமல் வந்தாராம். கார் சத்தம் கேட்டாலே மாமியார் குரலைத் தணித்துக்கொள்வாள் என்று மாங்காய் வியாபாரிகள் சொல்லிச் சிரித்தார்கள். என் பழைய புருஷன் கடைசிவரை பஸ்ஸில்தான் போனார். இதையெல்லாம் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. அவளாகவே வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு உங்க மேல அவ்வளவு கோபம் எனக்கு. இப்ப தினமும் உங்களை நினைச்சுக்குவேன். எனக்காக அவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே."

அவளுக்காக நான் போகவில்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை. குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, வெயில் ஏறுகிறது என்று சொல்லி அவளை அந்தக் காரிலேயே ஏற்றி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன்.