படுத்துக் கிடந்தவளின் பொறாமை

கால் விரல்கள் மரத்துப்போனதில்தான் எல்லாம் தொடங்கியது. அதற்குச் சில நாட்கள் முன்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. மற்றவர்களுக்கு அத்தோடு சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஒரு நாள் காலை இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மாலையில் ட்யூஷன் பிள்ளைகள் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தேன். முழங்கால் மடங்கி, அவர்கள் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் என் கணவர் லூர்து என்னைத் தூக்கித்தான் மாடிப்படி இறக்கினார்.

நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். லூர்துக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லித் தருகிறவள். ஒரே மகள் ஜெனி, பத்தாம் வகுப்பு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கை கால் நரம்புகளில் லேசான மின்சாரம் செலுத்திச் சோதித்தார்கள். பிறகு டாக்டர் பெயரைச் சொன்னார்: ‘குல்லன் பாரி’ (உடம்பின் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய்த் தன் நரம்புகளையே தாக்கும் நோய்).

“அது பிரெஞ்சுப் பேரு டாக்டர். ‘கிலான் பாரே’ன்னு சொல்லணும்” என்றேன். வாய் ஒருபக்கம் கோணத் தொடங்கியிருந்தது. அப்படியும் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

“பேரை நீங்க சரியா சொல்லுங்க. நோயை நான் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இம்யூனோகுளோபுலின் (பிறருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று அடிக்கடி எண்ணச் சொன்னார்கள். மூச்சுத் தசைகள் எவ்வளவு பலவீனமாகின்றன என்று அதில் தெரியுமாம். ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாகவே எண்ண முடிந்தது. வென்டிலேட்டரை (செயற்கைச் சுவாசக் கருவி) கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து தயாராக வைத்தார்கள். நல்லவேளை, அது தேவைப்படவில்லை. மூச்சை முழுதாக முடக்காமல் நோய் அத்தோடு நின்றது.

வார்டுக்கு மாற்றியபோது கழுத்துக்குக் கீழே என்னால் எதையும் அசைக்க முடியவில்லை. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்திருக்கும். உடம்பு அசையாதபோது கண்ணும் காதும் ஓயாமல் வேலை செய்கின்றன. எதிர்க் கட்டிலில் ஒருத்தி கையைத் தூக்கிக் கூந்தலை முடிந்துகொள்வதைப் பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். அது துக்கம் என்று முதலில் நினைத்தேன். துக்கம் இல்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் “தைரியமா இரு பிலோமினா, மாதா கைவிட மாட்டாங்க” என்றார்கள். சொல்லிவிட்டு எழுந்து நடந்து போனார்கள்.

அந்த வார்டில் தமிழரசி என்ற செவிலியர் இருந்தார். வயது முப்பது இருக்கலாம். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். ஒரு மதியம், மருந்து கொடுத்து முடித்த பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“இப்ப எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்கக்கா. வலி எவ்ளோன்னு கேக்கல. உங்களுக்கு உள்ள எப்படி இருக்கு?”

“பொறாமையா இருக்கு சிஸ்டர்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே தெரிந்தது.

“யார் மேல?”

“இப்போதைக்கு உங்க மேல. கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கீங்க.”

தமிழரசி தன் காலைப் பார்த்தார். இறக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. “அப்படியெல்லாம் நினைக்காதீங்க” என்றும் சொல்லவில்லை. “வேற யார் மேல?” என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன்.

ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று பிறகொரு நாள் விசாரித்தேன். செவிலியப் படிப்பில் அப்படி ஒரு கோட்பாடு இருக்கிறது என்றார். நோயைப் பற்றி மருத்துவமனைக்குத் தெரிந்தது ஒன்று. அந்த நோயோடு வாழ்வது எப்படி என்று நோயாளிக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று. செவிலியர் திருத்த வரக்கூடாது, ஆறுதல் சொல்லி மூடி வைக்கவும் கூடாது. கூட இருந்து, நோயாளி தன் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறாரோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

“புஸ்தகத்துல படிக்கறப்ப ஈஸியா இருந்துச்சு. வார்டுல உக்கார நேரம் கெடைக்கறதே பெரும்பாடு” என்று சிரித்தார்.

எனக்கு மனம் நிறைந்திருந்தது, அடுத்த கட்டிலருகிலும் அவர் ஸ்டூலைப் போடும் வரை. அங்கே வீராம்பட்டினத்து மீன்காரம்மா ஒருவர், முதுகெலும்பில் அறுவை முடிந்து படுத்திருந்தார். அதே கேள்வியை அவரிடமும் கேட்டார் தமிழரசி. அந்த அம்மா கூடை தூக்கின கதை, மருமகள் கதை என்று நீட்டி முழக்கினார். தமிழரசி வாய்விட்டுச் சிரித்தார். என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் கழுத்தும் ஒத்துழைக்கவில்லை.

இருந்தாலும் பெரிய பொறாமை வேறு இடத்தில் இருந்தது.

நான் விழுந்ததும் என் தங்கை அமலி அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவரை இழந்தவள், பிள்ளை இல்லை. அரியாங்குப்பத்தில் அம்மாவின் வீட்டில் தனியாக இருந்தாள். அம்மா கடைசியில் படுக்கையாக இருந்தபோது பார்த்துக்கொண்டதும் அவள்தான். இப்போது ஜெனிக்கும் லூர்துக்கும் சமைத்தாள். தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். நன்றியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஜெனி இரட்டைப் பின்னலோடு வந்தாள். “சித்தி பின்னுனா சாயங்காலம் வரைக்கும் அவுறவே மாட்டேங்குதும்மா” என்றாள். லூர்து நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன். “அமலி வைக்கற மீன் கொழம்பு அப்படியே உங்கம்மா கைப்பக்குவம்” என்றார் அந்த நல்ல மனுஷர். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

அவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. நான் இல்லாமல் வீடு நடக்கிறது, அதுவும் நன்றாக நடக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

விரல்கள் அசையத் தொடங்கியபோது வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. லூர்தும் உறவினர்களும் கட்டிலைச் சுற்றி நின்று, என்னைக் கேட்காமல் எனக்கு மேலாகவே பேசிக்கொண்டார்கள். எங்கள் வீடு மாடியில். அரியாங்குப்பம் வீடு தரைத்தளம். ஆகவே நான் அங்கே போவது. பகலில் ஓர் ஆயாம்மா வைத்துக்கொள்ளலாம், லூர்து இரவில் வந்து தங்கலாம். ஜெனிக்குப் பரீட்சை நெருங்குவதால் அமலி நெல்லித்தோப்பிலேயே இருக்கட்டும். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. என் வீட்டில் அவள், அவள் வீட்டில் நான்.

அவர்கள் போன பிறகு தமிழரசி வந்தார். என் முகத்தைப் பார்த்து ஸ்டூலை இழுத்தார்.

“நீங்க என்ன நினைக்கறீங்க?”

“அரியாங்குப்பம் போனா நான் எழுந்திருக்க மாட்டேன் சிஸ்டர். எங்க வீட்டு அடுப்பு சத்தம் என் காதுல விழணும். அந்த எரிச்சல்லயாவது எழுந்திருப்பேன்.”

“இதை டாக்டர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

மறுநாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது தமிழரசி கட்டில் ஓரமாக நின்றார், பேசவில்லை. நான்தான் சொன்னேன். கோணல் வாயில் சொற்கள் வழுக்கின. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“படி எப்படி ஏறுவீங்க?”

“ஏற மாட்டேன். தூக்கட்டும்.”

“அவசரம்னா இறக்கறதும் கஷ்டம். தெரியுமில்ல?”

“தெரியும் டாக்டர்.”

அவர் லூர்தைப் பார்த்தார். லூர்து என்னைப் பார்த்தார். “என்கிட்ட ஏன் சொல்லல பிலோ?” என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அந்தக் கேள்வியை வேறொருத்தி கேட்டுவிட்டாள் என்பது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

லூர்துடன் வேலை பார்க்கும் நான்கு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிவளைவில் ஒருவர் “அக்கா, கொஞ்சம் மூச்சைப் புடிச்சிக்கோங்க, வெயிட்டு கொறையும்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்ததில் நாற்காலி ஆடியது.

வீட்டில் என் கட்டிலிலிருந்து சமையலறை தெரியும். பிசியோதெரபிஸ்ட் (தசைப் பயிற்சி தருபவர்) தினமும் வந்தார். கைகள் முதலில் திரும்பின, கால்கள் பின்தங்கின. அமலி மசாலா டப்பாக்களை இடம் மாற்றி வைத்திருந்தாள். அவள் வாளியைத் தூக்குவதையும் குனிவதையும் நிமிர்வதையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். உப்பு அதிகம் என்றேன். துணியை ஒழுங்காக மடிக்கவில்லை என்றேன். அவள் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

ஒரு மதியம் கஞ்சி ஆறிவிட்டது என்று கிண்ணத்தைத் தள்ளினேன். கை அந்த அளவுக்குத் தேறியிருந்தது. கஞ்சி அவள் புடவையில் கொட்டியது.

அமலி துடைக்கக்கூட இல்லை. கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“உன்ன பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா.”

“என்னப் பாத்தா? படுத்துக் கெடக்கறேன்டி!”

“படுத்துக் கெடந்தாலும் ஒரு நர்ஸ் ஸ்டூல் போட்டு உக்காந்து உனக்கு என்ன வேணும்னு கேட்டுச்சு. நீ சொன்னதும் டாக்டர் கேட்டாரு, மாமா கேட்டாரு, நாலு பேர் வந்து தூக்கிட்டு வந்தாங்க. அம்மாவ நான் அத்தினி வருஷம் பாத்தேன். அப்புறம் உன்ன பாக்க வந்தேன். அமலி இருக்கா, அமலி பாத்துப்பான்னு எல்லாரும் சொன்னீங்க. ஒருத்தர் என்னக் கேட்டீங்களா?”

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. நோயாளி நான், என் பங்கு அனுதாபத்தில் இவள் கை வைக்கிறாளே என்ற கோபம். அப்புறம் அவள் புடவையிலிருந்து கஞ்சி தரையில் சொட்டுவது கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலைப் பார்த்து நான் என்ன பாடுபட்டேன் என்று எனக்குத் தெரியும். இவளும் அதே பாடுதான் பட்டிருக்கிறாள். இவளுக்கென்று ஒரு கட்டில்கூட இல்லை.

“சரி, இப்ப கேக்கறேன். உனக்கு உள்ள எப்படி இருக்கு அமலி?”

“எரியுது” என்றாள். கொஞ்சம் அழுதாள். பிறகு சொன்னாள்: வேலைக்குப் போக வேண்டும். தட்டாஞ்சாவடியில் ஒரு தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். விசாரித்து வைத்திருந்தாளாம், நான் விழுவதற்கு முன்பே.

போகாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. அவள் போனால் யார் என்னைக் கழிவறைக்குப் பிடித்துக்கொண்டு போவது? சொல்லவில்லை. அன்று மாலை லூர்தும் ஜெனியும் வந்ததும் நாங்கள் இருவருமாகச் சொன்னோம். நான் வாக்கரைப் (பிடித்து நடக்கும் சட்டம்) பிடித்துத் தனியாகக் கழிவறைக்குப் போய் வரும் வரை இருப்பதாக அமலி ஒத்துக்கொண்டாள். அதன் பிறகு நான் பயிற்சி செய்த வேகத்தைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட் அசந்துபோனார். அவளை விடுவிக்கவா, அவளிடமிருந்து என் சமையலறையை மீட்கவா என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இப்போது வீட்டுக்குள் பிடிமானமின்றி நடக்கிறேன். ட்யூஷனுக்கு நாலைந்து பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள். பாதங்களுக்குக் கீழே தரை எப்போதும் ஒரு துணி விரித்ததுபோலத்தான் இருக்கிறது. அது முழுதாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ஒரு ரவிக்கைக்கு ஊக்கு மாட்டி முடிப்பதற்குள் கீழ்வீட்டில் வாசல் கூட்டித் தெளித்துக் கோலமே போட்டு முடித்துவிடுகிறார்கள். என் காலை வேளை மற்றவர்களுடையதைவிட நீளம். முன்பு அதை எண்ணி அழுவேன். இப்போது அந்த நீளத்துக்கு ஏற்றபடி எழுந்துகொள்கிறேன்.

அமலி எங்கள் வீட்டிலிருந்தே வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று பார்த்தேன். தெருமுனையில் பஸ் நகரத் தொடங்கியது. அவள் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு கையை உயர்த்தி, கத்தி, பஸ்ஸை நிறுத்தி ஏறிவிட்டாள்.

பொறாமையாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்து நின்றிருந்த எனக்குக் கெண்டைக்கால் தசைகள், அவளோடு ஓடியவைபோலத் துடித்துக்கொண்டிருந்தன.