கருப்புக் கண்ணாடிக்குள் தெரிந்தது

நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் நான். எவ்வளவு நன்றாக என்பதைச் சற்று நேரத்தில் நீங்களே பார்க்கப் போகிறீர்கள். ஆகவே நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பின் கேட் பக்கத்தில் நான் கண்டதில் ஒரு சொல்கூட நான் கூட்டியது இல்லை. கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்புத் தொழிற்பிரிவுக்கு நான் ஒர்க்‌ஷாப் ஆசிரியர். தச்சு வேலை, ஃபிட்டிங், வெல்டிங் எல்லாம் என் கையில். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் உட்காரும் பெஞ்சு எங்கள் பையன்கள் செய்ததுதான். இந்த வருஷம் அவர்கள் செய்தது இரண்டு பெரிய கேட். தரையில் போட்ட தண்டவாளத்தின் மேல் சக்கரத்தில் ஓடும் கேட். ஒன்று முன்வாசலுக்கு, ஒன்று பின்வாசலுக்கு.

தண்டவாளத்தின் கடைசியில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும். ஸ்டாப்பர். தள்ளுகிற வேகத்தில் கேட் தண்டவாளத்தைத் தாண்டிவிடாமல் தடுப்பது அதுதான். அது கழன்றால் முந்நூறு கிலோ கேட் அப்படியே சாயும்.

வெல்டிங்கில் முதலில் ‘டாக்’ வைப்போம். இரும்பு நகராமல் நிற்க இரண்டு சொட்டு. துணிக்கு ஓட்டுத் தையல் போடுவது மாதிரி. அப்புறம்தான் ஓரம் முழுக்க உருக்கி ஓட்டுவது. அதுதான் பலம். இரண்டு ஸ்டாப்பருக்கும் டாக் வைத்தவன் மதன்குமார். என் பையன்களில் கை சுத்தமானவன். இருட்டிவிட்டதால், “மிச்சத்தை நான் போட்டுக்கறேன் கண்ணு, நீ பஸ்ஸைப் பிடி” என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆவணியின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் தாளாளர் அழகிரிசாமி ஒரு டீக்கடையைக்கூடத் திறந்து வைக்க மாட்டார். விடிவதற்குள் பெயின்ட்டர் வந்துவிட்டான். டாக்கின் மேலேயே பச்சை பெயின்ட் ஏறியது. ஐயர் வந்தார், பூசணிக்காய் உடைத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அடுத்த வாரம் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்பதும் பொய்தான். தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தானே உள்ளே போனேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டதும் வாட்ச்மேன் சுப்பண்ணன் முன் கேட்டைத் தள்ளித் திறந்தார். ஸ்டாப்பர் பெயர்ந்தது. கேட் அவர் மேல் சாய்ந்தது. பதினைந்து பேர் சேர்ந்து தூக்கினோம். அவருக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸில் கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள்.

அன்று இரவு மதன்குமார் போன் செய்தான்.

“சார்... அந்த ஸ்டாப்பரு... நான் டாக் மட்டும் வச்சேனுங்க. நீங்க முழுசாப் போட்டீங்கல்ல சார்?”

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

“நீதானே கண்ணு காலையில வந்து போடறேன்னு சொன்னே?” என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்பாகச் சொன்னேன்.



“அப்படிங்களா சார்... எனக்கு ஞாபகமே இல்லீங்களே சார்...”

சனிக்கிழமை தாளாளர் அறையில் இன்னொரு படி மேலே போனேன். முன் கேட் ஸ்டாப்பர் மதன்குமார் வேலை, பின் கேட் ஸ்டாப்பர் என் வேலை என்றேன்.

“பையன் பண்ணுன கூத்துதானுங்களா இது?” என்றார் அழகிரிசாமி. “டிசியக் குடுத்து அனுப்பிப்போடுங்க. நாளைக்குப் போலீசு கீலீசுன்னு வந்தா நாம எதுக்குங்க பதில் சொல்லோணும்?”

தலைமையாசிரியை லட்சுமியம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. “பரீட்சைக்கு நாலு மாசம் இருக்குதுங்க. பம்ப் கம்பெனியில ட்ரெய்னிங்குக்கு அவனை எடுத்திருக்காங்க. திங்கக்கெழமை இன்ஜினியர் வரட்டும். ரெண்டு கேட்டையும் பார்த்துச் சொல்லட்டுமுங்க.”

ரெண்டு கேட்டையும்.

பின் கேட்டிலும் இரண்டு சொட்டுதான் இருக்கிறது. இன்ஜினியர் ஒரு தட்டுத் தட்டினால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும். திங்கட்கிழமைக்குள் பின் ஸ்டாப்பருக்கு முழு வெல்டிங் போட்டுவிட்டால்? வாத்தியார் வேலை உறுதி, பையன் வேலை மோசம் என்று ஆகிவிடும். மதன்குமார் போவான். நான் இருப்பேன்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு ஒர்க்‌ஷாப்பைத் திறந்தேன்.

வாட்ச்மேன் இல்லாத பள்ளிக்கூடம். மத்தியானம் பெய்த மழை நின்றிருந்தது. வெல்டிங் மிஷினை உருட்டிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கேட்டைப் பாதி திறந்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஸ்டாப்பர் மேலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே அந்த இரண்டு சொட்டு. மதன்குமாரின் கைவேலை. அளந்து வைத்த மாதிரி, அழகாக.

வெல்டிங் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே பிடிக்கும் ஷீல்டில் ஒரு கருப்புக் கண்ணாடி இருக்கும். அதற்குள் சாதாரணமாக எதுவும் தெரியாது. கும்மிருட்டு. ராடு, அதாவது உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி, இரும்பில் உரசித் தீப்பிடித்தால், அந்த வெளிச்சம் விழுகிற கொஞ்ச இடம் மட்டும் பச்சையாகத் தெரியும். ராடு தீர்ந்தால் மறுபடியும் இருட்டு.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஷீல்டைப் பிடித்தேன். உரசினேன்.

சர்ர்ர்...

நல்ல சத்தம். சூடான எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி, விட்டு விட்டு வராமல் ஒரே சீராக. இரும்பு உருகி ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு ராடு முழுக்கத் தீர்ந்தது. ஷீல்டை எடுத்துவிட்டு, மேலே படிந்த கசடைச் சின்னச் சுத்தியால் தட்டினேன்.

டக்... டக்... டக்.

கசடு உதிர்ந்தது. கீழே வெல்டிங் இல்லை.

அதே இரண்டு சொட்டு.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ராடு தீர்ந்துபோய் என் கையில் துண்டுதான் மிச்சம். அப்படியென்றால் உருகிய இரும்பு எங்கே? தரையில் இல்லை. தண்டவாளத்தில் இல்லை. தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. சூடு மட்டும் இருந்தது.

கை நடுக்கத்தில் தப்பாகப் போட்டிருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் போடுகிறவன் நான்.

இரண்டாவது ராடு. மணி ஆறைத் தாண்டியிருந்தது. நன்றாக இருட்டிவிட்டது. வாய்க்கால் பக்கம் கத்திக்கொண்டிருந்த தவளைகள் நின்றுவிட்டன. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

உரசினேன். பச்சை வெளிச்சம்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாதம்.

வலது பாதம். செருப்பில்லை. வெடித்த குதிகால். கொஞ்சம் வயதான ஆளின் பாதம். விரல்கள் என்னைப் பார்த்து இருந்தன.

ஷீல்டை எடுத்தேன். “யாருங்க?”

யாரும் இல்லை.

டார்ச்சைச் சுற்றிலும் அடித்தேன். ஈர மண். அதில் என் செருப்புத் தடம் மட்டும்.

கசடைத் தட்டினேன். இரண்டு சொட்டு.

அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. ஏன் தெரியுமா? நாளைக் காலை இன்ஜினியர் வருகிறார் என்ற பயம், பக்கத்தில் நின்ற அதைவிடப் பெரிதாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்.

மூன்றாவது ராடு.

உரசினேன்.

இப்போது அது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது.

என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

இன்னொரு பாதத்தைத் தேடினேன். இல்லை. கெண்டைக்கால் பாதி வரை தெரிந்தது. அதற்கு மேல்... வெளிச்சம் எட்டவில்லையா, மேலே எதுவுமே இல்லையா... தெரியவில்லை.

கை என் பேச்சைக் கேட்கவில்லை. ராடு எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு பெரிய பொறி தெறித்தது.

அந்தப் பாதத்தின் மேல் விழுந்தது. கட்டைவிரலுக்கு அடுத்த விரலில்.

உயிருள்ள கால் என்றால் துள்ளியிருக்கும்.

அது அசையவில்லை.

உருகிய இரும்பு தோலுக்குள் இறங்கியது. புகை வந்தது. வாடையும் வந்தது...

பன்றித்தோல் கருகும் வாடை.

ராடைப் பிடித்திருந்த ஹோல்டரை வீசினேன். ஷீல்டு எங்கேயோ விழுந்தது. ஓடிப்போய் ஒர்க்‌ஷாப் மெயினை இறக்கினேன்.

இருட்டு.

பின்வாசல் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

டக்...

டக்...

யாரோ கசடு தட்டுகிறார்கள்.

வண்டியை எடுத்தது தெரியும். வீட்டுக்கு எப்படிப் போனேன் என்பது தெரியாது.

இரவெல்லாம் படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். சுப்பண்ணன் இறந்துவிட்டார், அவர்தான் வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய விரல் வரவில்லை.

காலையில் பள்ளிக்குப் போனேன். கேட்டருகே லட்சுமியம்மாள் நின்றிருந்தார்.

“சேதி தெரியுமுங்களா சார்? சுப்பண்ணன் கண்ணு முழிச்சுட்டாராமா. உசுருக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லீட்டாங்களாமா.”

சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்றால்... நேற்று வந்தது யார்?

பின்வாசலில் இன்ஜினியர், தாளாளர், மதன்குமார், அவன் அப்பா. பையன் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு வந்திருந்தான். மூன்று நாளாகத் தூங்காத முகம். இன்ஜினியர் குனிந்து ஸ்டாப்பரைப் பார்த்தார். கீழே கிடந்த ராடு துண்டுகளை எடுத்தார்.

“இது சார் போட்டதுன்னு சொன்னாங்க. ரெண்டு டாக்தானுங்க இருக்குது. ஆனா மூணு ராடு எரிஞ்சிருக்குது. உருகுன இரும்பு எங்கீங்க சார் போச்சு?”

நான் பதில் சொல்வதற்குள் மதன்குமார் முன்னால் வந்தான்.

“நான்தானுங்க சார். ரெண்டுமே நான்தானுங்க. முழுசாப் போடறேன்னு சார்கிட்டச் சொல்லிப்போட்டு மறந்துபோட்டனுங்க.”

நான் சொன்ன பொய்யை அவன் நம்பிவிட்டான். தன் ஞாபகத்தைவிட என் வார்த்தையை நம்பிவிட்டான். அவன் அப்பா பையனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லீங்க,” என்றேன். “அவன் எதுவும் மறக்கலீங்க. நான்தான் போடறேன்னு சொன்னேன். போடலை. ரெண்டு கேட்டுக்கும் போடலை.”

அவன் அப்பா தரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“இத வெள்ளிக்கெழமையே சொல்லியிருந்தீங்கன்னா, பையன் ரெண்டு வாயாவது சோறு தின்னிருப்பானுங்க, சார்.”

என்னை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். சரியான தண்டனை. மதன்குமாருக்கு டிசி கொடுக்கவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் சுப்பண்ணனின் மனைவி செல்லாத்தாள் உட்கார்ந்திருந்தார். சங்கதி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“முட்டிக்குக் கீழ எலும்பு நொறுங்கிப்போச்சுங்க சார். நேத்து ஆறு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. வலது காலை எடுத்துப்போட்டாங்க.”

“எடுத்த காலை...?” என்று கேட்டேன்.

“பொதைக்கறதுக்குத் துணியில சுத்திக் குடுத்தாங்க. எங்க அண்ணன் தோட்டத்துல கொண்டுபோய்ப் பொதைச்சோம். கடைசியா ஒருக்கா மூஞ்சியப் பார்க்கறாப்ல... பிரிச்சுப் பார்த்தேனுங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பாதத்துல அடியே படலீங்க சார். நான் ரெண்டு நாளா தொடச்சுவுட்ட பாதம், எனக்குத் தெரியாதுங்களா? ஆனா கட்டைவெரலுக்கு அடுத்த வெரல்ல புதுசா ஒரு பொத்தலுங்க. சுத்தியும் கருகியிருந்துச்சு. டாக்டரக் கேட்டா, அப்படி இருக்கவே முடியாதுங்கறாரு.”

உள்ளே போனேன். சுப்பண்ணன் படுத்திருந்தார். போர்வை இடது பக்கம் கால் வரை மேடாக இருந்தது. வலது பக்கம் பாதியில் தட்டையாகிவிட்டது.

“வாங்க சார்,” என்றார். “உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. கையைக் கூப்பினேன்.

“உடுங்க சார். நடந்தது நடந்துபோச்சு.” அவர் தட்டையாக இருந்த போர்வையைப் பார்த்தார். “எடுத்த காலு கொஞ்ச நாளைக்கு வலிக்கற மாதிரியே இருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. வலியெல்லாம் இல்லீங்க. எரிச்சலுதான். அந்த ஒரே வெரல்ல மட்டும்... வெல்டிங் பொறி உழுந்தாப்ல. கண்ணு முழிச்சதுலருந்து நிக்கவே மாட்டீங்குது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துனா அடங்குமுங்க சார். எங்க ஊத்தறதுன்னுதான் தெரியல.”