காதுக்காரரின் இடது காது

ஒரு மோட்டார் கெட்டுப்போவதை மூன்று நாள் முன்பே சொல்லிவிடுகிற மனிதர், தன் உடம்பு சொன்னதை இரண்டு மாதம் ஏன் காதில் போட்டுக்கொள்ளவில்லை?

தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஆறு பம்புகள். இருபத்திரண்டு வருடமாகக் காலை ஷிஃப்ட் அவருடையது. முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரின் பேரிங் மூடியில் ஊன்றி, பிடியை இடது காதோரம் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி உள்ளே ஓடும் சத்தத்தைக் கேட்பார். அதனால் 'காதுக்காரர்' என்று பெயர். அபூர்வத் திறமை என்று சொல்ல முடியாது. பொறுமை உள்ள எவருக்கும் வரும். அங்கே பொறுமை உள்ளவர் வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காதில்தான் வலி. முதலில் எண்ணெயைச் சூடாக்கி விட்டார். பிறகு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. பிறகு பஞ்சு. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, கேட்பதிலும் குறையில்லை. விழுங்கும்போது மட்டும் காதுக்குள் ஊசி இறங்கியது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடப் பழகினார். மனைவி இறந்து ஒன்பது வருடம். எதிர் நாற்காலியில் மடிக்காத துணிகள்தான் உட்கார்ந்திருந்தன. அவை என்ன, ஏன் என்று கேட்பதில்லை.

கேட்டவர் மதிய ஷிஃப்ட்காரர். இரண்டு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பத்து நிமிடம்தான் இருவருக்கும் பழக்கம்.

"என்னண்ணே, காதுக்காரர் காதுலயே பஞ்சு? மோட்டாருங்க உங்களப் பத்தி தப்பா ஏதும் பேசுதா?"

"குளிர் காத்துப்பா. சரியாப் போயிடும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. நாலாம் பம்பு ரெண்டு மாசம் இப்படிக் கத்தினா விட்டுவெப்பீங்களா? நிறுத்திக் கழட்டி, சும்மா இருந்த என்னையும் சேத்துத் திட்டியிருப்பீங்க."

மறுநாள் காதுக்காரர் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா இரண்டு காதையும் விளக்கு வைத்துப் பார்த்தார். "காது சுத்தமா இருக்குங்க."

"அப்ப ஒண்ணுமில்லயாம்மா?" என்று எழுந்தார்.

"உக்காருங்க. காதுல ஒண்ணுமில்லன்னா வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம். பல்லு, தாடை, தொண்டை எதுல கோளாறுன்னாலும் காதுல வலிக்கலாம், நரம்பு அப்படி. ரெண்டு மூணு வாரம் தாண்டியும் வலிச்சா, விழுங்கக் கஷ்டமா இருந்தா, அப்பவே வந்திருக்கணும்."

அவருக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. மோட்டாரில் சுழலும் ஷாஃப்டின் இந்த முனையில் கேட்கும் சத்தத்துக்குப் பழுது அந்த முனையில் இருக்கும் என்று வேலைக்குப் புதிதாக வந்த எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்!

"குரல் மாறியிருக்கா? வீட்டுல யாராவது சொன்னாங்களா?"

யோசித்தார். பம்பு அறையில் கை ஜாடைதான். டீக்கடையில் ஒரு விரல் காட்டினால் போதும். மதிய ஷிஃப்ட்காரரிடம் இரைச்சலுக்கு மேல் கத்துவதே பேச்சு. கத்தும் குரலில் என்ன தெரியும்?

"கேட்டுச் சொல்றேம்மா."

வரவேற்பு மேசையில் இருந்த போனில் தங்கையைக் கூப்பிட்டார். கடைசியாகப் பேசி எட்டு மாதம் இருக்கும்.

"நான்தான்மா."

"யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா யாருங்க? உங்களுக்கு யார் வேணும்?"

பிறந்த நாள் முதல் அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவள். போனை மெதுவாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

"மாறியிருக்கும்மா."

நாக்கின் வேர்ப்பகுதியில், தொண்டைக்குள் கண்ணாடி வைத்தால் மட்டும் தெரியும் இடத்தில், ஒரு சின்ன வளர்ச்சி. துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான், பரவவில்லை. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் சேரும் அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் தங்கையின் பெயரை எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டு மதிய ஷிஃப்ட்காரரின் பெயரை எழுதினார். உறவு என்ற கட்டத்தில் 'மதிய ஷிஃப்ட்' என்று போட்டார்.

அந்த மனிதரும் வந்தார், மருந்துச் சீட்டும் ஃபிளாஸ்க்குமாகச் சிகிச்சை முடியும்வரை இருந்தார். மாதங்கள் கழித்துக் காதுக்காரர் வேலைக்குத் திரும்பியதும் பதிவேட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, கூடப் பொறந்த தங்கச்சி இருக்கறப்ப என் பேரை எதுக்கு எழுதினீங்க?"

காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நாலாம் பம்பிடம் போனார். ஊன்றினார். "இந்தக் காது கத்தினது உனக்குத்தானேப்பா கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.